தொண்ணூற்றேழு பாகை

ஒவ்வொரு வருடமும் முதலாம் தவணையில் பிள்ளைகளுக்குத் தண்ணீரின் கொதிநிலையைக் காட்ட வேண்டும். எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் என்று தனியாக எதுவும் இல்லை. பழைய நூலக அறையின் ஒரு மூலையில் இரண்டு மேசை, ஒரு அலுமாரி, மூன்று முகவை, இரண்டு வெப்பமானி. அவ்வளவுதான். ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்துத் தண்ணீரைச் சூடாக்குவோம். பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். தண்ணீர் குமிழி விட்டுக் கொதிக்கும். வெப்பமானி 97 இல் நிற்கும்.

மலிவான வெப்பமானி. அதன் தண்டின் பெரும்பகுதி தண்ணீருக்கு வெளியே வேறு நீட்டிக் கொண்டிருக்கும். அதற்கு மேல் அது ஏறாது. எல்லாப் பிள்ளைகளும் எட்டிப் பார்ப்பார்கள். 97 என்று வாயாலும் சொல்வார்கள். பிறகு இடத்துக்குப் போய்க் கொப்பியில் 100 என்று எழுதுவார்கள்.

"ஏன் மகன் நூறு எண்டு எழுதின?" என்று ஒருமுறை ஒருவனிடம் கேட்டேன்.

"புத்தகத்தில அப்பிடித்தானே இரிக்கு சேர்" என்றான்.

நான் சிரித்துவிட்டுச் சரி போட்டேன். பதினைந்து வருடங்களாகச் சரி போட்டுத்தான் வந்திருக்கிறேன்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் நானும் இதைத்தான் செய்தேன். ஒரு மீற்றர் நூலில் குண்டைக் கட்டி ஆட விட்டுப் புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் செய்முறை அது. இருபது அலைவுக்கு எனக்குக் கிடைத்தது 41.5 செக்கன். கணக்குப் போட்டால் விடை 9.2 அளவில் வந்து நின்றது. வர வேண்டியதோ 9.8. பக்கத்து மேசையில் இருந்த நண்பன் ஓர் உபாயம் சொன்னான். "பின்னுக்கிருந்து கணக்கப் பாரு மச்சான்." 9.8 இலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் 40.1 செக்கன் வந்தது. 41.5 ஐ அழித்து 40.1 என்று எழுதினேன். விரிவுரையாளர் இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி தந்தார். எனக்கு அன்று எந்த உறுத்தலும் ஏற்படவில்லை. ஒன்றரைச் செக்கனால் யாருக்கு என்ன நட்டம்?

2024 ஆம் ஆண்டு வரை அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த கிழமை ஓர் இரவு, என்னிடம் படித்த பையன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். கொழும்புப் பக்கம் ஒரு கம்பனியில் வேலை. நீட்டிப்பு வயரும் மல்டி பிளக்கும் செய்து விற்கும் இடம். தரம் பார்க்கும் பிரிவில் உதவியாளன். வீட்டுக்கு மூத்த பிள்ளை. வாப்பா மௌத்தாகி விட்டார். இரண்டு தங்கச்சிமார்.

"சேர், ஒரு விசயம் கேக்கணும். வேலயா இரிக்கிறீங்களா?"

"சொல்லு மகன்."

சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான். பிளக்கின் மேல் 13 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறார்கள். வயரின் மேல் 1.5 என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் செம்பு அதில் பாதியும் இல்லை. பரிசோதனைக்கு மாதிரி அனுப்பும் போது மட்டும் சரியான வயர் போட்டுத் தனியாகச் செய்வார்கள்.

"அந்தப் பெட்டியக் கட்டுறது நான்தான் சேர். கடைக்குப் போறது வேற, செக் பண்ணப் போறது வேற. என்ன செய்யிற?"

அவன் சொன்னதன் அர்த்தம் விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்குத் தெரியாததல்ல. வயர் மெலிந்தால் தடை கூடும். தடை கூடினால் அதே மின்னோட்டத்துக்குச் சூடு கூடும். கேத்தலும் அயனும் ஒரே பிளக்கில் ஓடும் வீட்டில் மேலுறை இளகும். அதன் பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதையெல்லாம் கரும்பலகையில் படம் கீறி அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

அன்றிரவு நான் சொன்னது வேறு. "மகன், நீ கீழ்மட்டத்து ஆள். கையொப்பம் வைக்கிறது நீ இல்லயே. பெரிய ஆக்கள்ட பொறுப்பு அது. உம்மாவப் பாரு, தங்கச்சிமாரப் பாரு. அவசரப்பட்டு ஒண்டும் செய்யாத. பொறுமயா இரி."

"சரி சேர்" என்றான். அந்தச் 'சரி சேர்' எனக்குப் பழகிய தொனியில் இருந்தது. 97 ஐப் பார்த்துவிட்டு 100 என்று எழுதும் பிள்ளையின் தொனி அது. அப்போது அது எனக்குப் பிடிபடவில்லை. நல்ல புத்தி சொன்ன திருப்தியோடு இஷாவைத் தொழுதுவிட்டுப் படுத்துவிட்டேன்.

செப்டெம்பர் மாதம் லண்டனில் இருக்கும் என் மச்சான் ஓர் அறிக்கையை அனுப்பியிருந்தார். மனைவியின் மூத்த சகோதரர். தொடர்மாடியொன்றின் ஒன்பதாம் மாடியில் குடியிருப்பவர். கிரென்ஃபெல் கோபுரத் தீக்குப் பிறகு அவரது கட்டடத்தின் சுவரையும் கழற்றிப் பரிசோதித்தார்கள் என்று முன்பு சொல்லியிருந்தார். அந்தத் தீயைப் பற்றிய பகிரங்க விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டெம்பர் 4 ஆம் திகதி வெளிவந்தது. ஏழு பாகங்கள், ஏறத்தாழ 1,700 பக்கங்கள். முழுவதையும் படிக்கும் ஆங்கிலம் என்னிடம் இல்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, பொருட்களைப் பரிசோதித்த விடயம் வரும் அத்தியாயங்களை மட்டும் பல இரவுகள் படித்தேன்.

சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். 2017 ஜூன் 14, ரமழான் மாதம். மேற்கு லண்டனில் 24 மாடிகளைக் கொண்ட கிரென்ஃபெல் கோபுரத்தின் நாலாம் மாடியில், இரவு ஒரு மணியளவில், ஒரு குசினியின் குளிர்சாதனப் பெட்டியில் தீப்பிடித்தது. தீயணைப்புப் படையினர் வந்து உள்ளே தீயை அடக்கிக் கொண்டிருக்கும் போதே அது யன்னல் வழியாக வெளியேறிச் சுவரைப் பிடித்துக் கொண்டது. அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்பதுதான் அந்தக் கட்டடத்துக்கு வகுக்கப்பட்டிருந்த அறிவுரை. இரண்டரை மணிக்குப் பிறகுதான் அது மாற்றப்பட்டது. 72 பேர் மௌத்தானார்கள். அவர்களில் 18 பேர் சிறுவர்கள். அங்கே பல முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்தன. நோன்பு காலமாதலால் ஸஹருக்காக விழித்திருந்தவர்கள் அயலவரின் கதவுகளைத் தட்டி எழுப்பியதாக அப்போதே செய்திகள் வந்தன.

கொங்கிரீட் கட்டடம் இப்படி எரியாது. எரிந்தது அதன் மேல் போர்த்தப்பட்ட சட்டைதான். 1970 களில் கட்டிய அந்தக் கோபுரத்தை 2016 இல் புதுப்பித்து முடித்த போது, சுவருக்கு வெளியே வெப்பத் தடுப்புப் பலகையும் அதற்கு மேல் அலுமினியப் பலகையும் பொருத்தியிருந்தார்கள். பார்வைக்கு அலுமினியம். உண்மையில் அரை மில்லிமீற்றர் தகடு இரண்டுக்கு நடுவே மூன்று மில்லிமீற்றர் பொலிஎதிலீன். நாம் சாமான் வாங்கி வரும் பையின் இனத்தைச் சேர்ந்த பொருள்தான். தீ உச்சிவரை ஓடியதற்கு முதற்காரணம் இந்தப் பலகையே என்று விசாரணை கண்டது.

அதைச் செய்தது ஆர்கோனிக் என்ற நிறுவனத்தின் பிரான்ஸ் கிளை. பலகையை இரண்டு விதமாகப் பொருத்தலாம். தட்டையாக ஆணியடித்துப் பொருத்துவது ஒன்று, பெட்டி போல மடித்து மாட்டுவது மற்றொன்று. மடித்த வகையை 2004 ஆம் ஆண்டே தீயில் வைத்துப் பார்த்தார்கள். மிக மோசமாக எரிந்தது. ஆணியடித்த வகையின் நல்ல பெறுபேற்றைக் காட்டிக் கொண்டு இரண்டையும் விற்றார்கள். மடித்த வகையின் பெறுபேறு 2008 இல் பிரித்தானியச் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்குக் கொடுக்கப்படவில்லை. கிரென்ஃபெலில் மாட்டப்பட்டது மடித்த வகை.

வெப்பத் தடுப்புப் பலகையில் ஒரு சிறு பகுதி கிங்ஸ்பான் நிறுவனத்தினுடையது. 2005 இல் அவர்கள் பரிசோதித்த பொருள் ஒன்று. 2006 இல் சேர்மானத்தை மாற்றிய பின் விற்ற பொருள் வேறொன்று. ஆனால் பழைய பெறுபேற்றையே காட்டி வந்தார்கள். அதை அவர்கள் மீளப் பெற்றது 2020 இல்.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது மூன்றாவது நிறுவனத்தின் கதை. கிரென்ஃபெலில் பெரும்பகுதி வெப்பத் தடுப்பு செலோடெக்ஸ் என்ற நிறுவனத்தின் பலகை. 18 மீற்றருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு அதை விற்க வேண்டுமானால் அப்போது ஒரு பெரிய பரிசோதனையில் தேற வேண்டியிருந்தது. எட்டு மீற்றருக்கு மேல் உயரமான சுவரொன்றைக் கட்டி அதன் அடியில் தீ மூட்டுவார்கள். தீவாயிலிருந்து இரண்டரை மீற்றரிலும் ஐந்து மீற்றரிலும் வெப்பம் அளக்கும் கருவிகள் இருக்கும். குறித்த வெப்பத்தைத் தாண்டினால் பெயில். 2014 பெப்ரவரியில் செய்த முதற் பரிசோதனையில் பலகை பெயிலானது. மே மாதம் இரண்டாவது பரிசோதனை. இந்த முறை, கருவிகள் இருக்கும் அந்த இரண்டு மட்டங்களில் எரியாத மக்னீசியம் ஒட்சைட்டுப் பலகைகளைச் சேர்த்து வைத்தார்கள். பாஸ். பரிசோதனை அறிக்கையிலும் சரி, விற்பனை ஏடுகளிலும் சரி, அந்தப் பலகைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வாசித்துக் கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தேன். 41.5 ஐ அழித்து 40.1 எழுதிய என் கை நினைவுக்கு வந்தது. நிச்சயமாக இரண்டும் ஒன்றல்ல. என் ஊசலால் யாரும் எரியவில்லை. ஆனால் வேலை ஒன்றுதான். விடையை முதலில் முடிவு செய்துவிட்டு அளவையை அதற்கு இணங்க வைக்கும் வேலை. அதைச் செய்யப் பெரிய கெட்டவன் எவனும் தேவையில்லை. நல்ல புள்ளி வாங்க விரும்பும் சாதாரண மனிதன் போதும்.

அப்படியொரு சாதாரண மனிதரும் அந்தக் கதையில் இருக்கிறார். அந்த வேலையில் பங்கெடுத்த இளைஞர் அவர். இருபதுகளின் தொடக்கம். பல்கலைக்கழகம் முடித்து வந்த முதல் உத்தியோகம். 2020 நவம்பரில் விசாரணையின் முன் சாட்சியம் சொல்லும் போது, தாங்கள் செய்தது நேர்மையற்ற காரியம் என்று ஒப்புக் கொண்டார். இன்னொன்றும் சொன்னார். அப்போது அவர் தாய் தந்தையரோடுதான் வசித்து வந்தார். ஒரு நாள் மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போய் இந்த விடயத்தை அவர்களிடம் சொன்னாராம். மனம் மிகவும் சங்கடப்பட்டதாம்.

அந்த இடத்தில் என் நெஞ்சு பட்டென்று அடித்துக் கொண்டது. வாப்பா இல்லாத பிள்ளை என்னிடம் வந்து சொன்னதும் அதுதானே? அவனுக்கு வாப்பாவின் இடத்தில் இருந்து நான் என்ன சொன்னேன்? பொறுமயா இரி. உம்மாவப் பாரு. கையொப்பம் நீ வைக்கல்லயே.

எழுந்து குசினிக்குப் போனேன். மனைவி சோற்றுக் குக்கரைப் போட்டிருந்தாள். அதே நீட்டிப்பு வயரில் குளிர்சாதனப் பெட்டியும் ஓடிக் கொண்டிருந்தது. சந்தையில் மலிவாக வாங்கியது. வயரைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. அவனுடைய கம்பனியின் வயரா என்று புரட்டிப் பார்த்தேன். இல்லை. அதனால் ஆறுதல் ஏதும் வரவில்லை. வேறு ஒரு வீட்டுக் குசினியில் அது இருக்கத்தானே செய்யும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்ட சம்பவத்தை அறியாதவர் நம்மில் இல்லை. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. ஜும்ஆக்களில் எத்தனையோ முறை கேட்ட செய்திதான். அன்றிரவு அதில் ஒரு விடயம் எனக்குப் புதிதாகப் பட்டது. நனைந்ததை விற்காதே என்று அங்கே சொல்லப்படவில்லை. சனங்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதுதான் கேள்வி. குறை இருப்பது ஒரு விடயம். அதை எங்கே வைக்கிறோம் என்பது இன்னொரு விடயம். மக்னீசியம் ஒட்சைட்டுப் பலகையைச் சேர்த்தோம் என்று அந்த அறிக்கையின் முதற் பக்கத்தில் எழுதியிருந்தால், வாங்குகிறவன் யோசித்திருப்பான்.

இவர்களோ அந்த வியாபாரியையும் மிஞ்சியவர்கள். அவர் மழை நனைத்ததை மறைத்தார். இவர்கள் பரிசோதிக்க வரும் கை எந்த இடத்தில் நுழையும் என்று அறிந்து, அந்த இடத்தில் மட்டும் காய்ந்த தானியத்தை வைத்தார்கள். என் மாணவன் கட்டிய பெட்டியும் அதுதான்.

விசாரணைத் தலைவர் சேர் மார்ட்டின் மூர்-பிக், அந்த மரணங்கள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றார். பலகை செய்து விற்றவர்களிடம் திட்டமிட்ட நேர்மையின்மை தொடர்ந்து இருந்ததாக அறிக்கை சொல்கிறது. அரசாங்கம், உள்ளூராட்சி சபை, கட்டடக் கலைஞர், பரிசோதனை நிலையம், சான்றிதழ் கொடுத்தவர்கள் என்று பலர் மீதும் அது குற்றம் காண்கிறது. ஒருவர் எழுதிக் கொடுத்த தாளை அடுத்தவர் நம்பினார். அவரது தாளை அதற்கடுத்தவர் நம்பினார். கடைசியில் அந்தத் தாளையெல்லாம் நம்பிப் பிள்ளைகளை உறங்க வைத்தவர்கள்தான் எரிந்தார்கள். அவர்களால் சுவரைக் கழற்றிப் பார்க்க முடியாது. நாம் மட்டும் என்ன? 2021 இன் கடைசியில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகள் நடந்த போது, எங்கள் ஊரிலும் சிலிண்டரை முற்றத்தில் வைத்துச் சமைத்தார்கள். உள்ளே இருக்கும் வாயுவின் கலவை மாறியதை அறிய எந்தத் தாயிடம் கருவி இருந்தது? பாவிக்கிறவனுக்கு நம்பிக்கையைத் தவிர வேறு கருவி கிடையாது. அதனால்தான் அளக்கிறவனுடைய பொய் மற்றப் பொய்களைப் போன்றதல்ல.

மறுநாள் அஸருக்குப் பிறகு அவனுக்கு அழைப்பெடுத்தேன்.

"மகன், அண்டைக்கி நான் சொன்னது பிழ. உனக்கு நான் அப்பிடிச் சொல்லி இரிக்கக் கூடாது."

மறுமுனையில் சத்தம் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். "சேர், நான் அந்த வேலய உட்டு ரெண்டு மாசமாகுது."

"ஏன்டா எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க இரிக்கச் சொன்னீங்கதானே சேர். உட்டுட்டன் எண்டு சொல்ல வெக்கமா இரிந்திச்சி."

என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் நான் இப்படித் தோற்றதில்லை. சரியானதைச் செய்த பிள்ளை, அதைத் தன் ஆசிரியனிடம் மறைக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறானாம். சம்பளம் குறைவாம். உம்மா முதலில் அழுதாவாம், பிறகு ஒன்றும் பேசவில்லையாம்.

"அந்தப் பெட்டி?" என்று கேட்டேன்.

"இப்ப வேற ஒரு பொடியன் கட்டுறான் சேர்."

அதுதான் உண்மை. அவன் விலகிக் கொண்டதால் அவன் தப்பினான். வயர் இன்னும் கடைக்குப் போகிறது. அவன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான். மிச்சத்தைச் செய்ய அவனுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது.

ஒக்டோபர் விடுமுறை நாள் ஒன்றில் ஊருக்கு வந்திருந்தான். எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து இருவரும் கடிதம் எழுதினோம். எந்த மொடல், மேலே என்ன அச்சடித்திருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது, மாதிரிப் பெட்டி எப்படிக் கட்டப்படுகிறது என்பதெல்லாம் அதில் இருந்தது. கேள்விப்பட்டதைச் சேர்க்க வேண்டாம், கண்ணால் கண்டதை மட்டும் எழுது என்றேன். நான் தமிழில் எழுத, அவன் சிங்களத்தில் பெயர்த்தான். கடையில் வாங்கிய வயர் ஒன்றை வெட்டி, ஒரு துண்டைக் கடிதத்தோடு இணைத்தோம்.

முடிவில் பேனையைக் கையில் பிடித்துக் கொண்டு தயங்கினான். "பேர் போடணுமா சேர்? வேற வேல தேடக்குள்ள பிரச்சின வருமே."

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. நான் அரசாங்க உத்தியோகத்தன். ஒரு கம்பனி என்னை ஒன்றும் செய்துவிட முடியாது. ஜூன் மாதத்திலேயே இதை யோசித்திருக்க வேண்டியவன் நான்தான். தாளை வாங்கி என் பெயரையும் பாடசாலை முகவரியையும் எழுதிக் கையொப்பம் வைத்தேன். தாளைத் திருப்பி வாங்கியவன் சற்று நேரம் அதைப் பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு கீழே தன் பெயரையும் எழுதினான். பதிவுத் தபாலில் அனுப்பினோம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை. இரண்டு முறை ஞாபகமூட்டிக் கடிதம் போட்டிருக்கிறேன். இன்னும் போடுவேன்.

இந்த வருடமும் தண்ணீர் கொதித்தது. வெப்பமானி 97 இல்தான் நின்றது. கொப்பிகளைப் பார்த்த போது முப்பத்தொரு பிள்ளைகள் 100 என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் 97 என்று எழுதி, அதை வெட்டி, மேலே 100 என்று திருத்தியிருந்தாள். அவளை அழைத்து, வெட்டிய எண்ணுக்குச் சரி போட்டேன். பிறகு எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்து, புத்தகம் 100 என்று சொல்லும் போது நமது வெப்பமானி ஏன் 97 காட்டுகிறது என்று கேட்டேன். மணி அடிக்கும் வரை அதைப் பற்றித்தான் பேசினோம். பாடத்திட்டத்தில் ஒரு பாடவேளை பின்தங்கிப் போனேன்.